உளி பட்ட கல்லைத் தேடி ஒரு நடை

கெடா மாநிலத்துத் தோட்டங்களில் வாழ்வோருக்குக் குனோங் ஜெராய் மலை புதியதன்று. விடியற்காலையில் நிரைக்குள் நுழையும்போதே அதன் முடியை ஒரு தடவை ஏறிட்டு நோக்கி, மேகம் கவிந்திருந்தால் இன்றைய பாலுக்கு மழையால் கேடு வரக்கூடும் என்று கணிக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை கடற்கரைச் சமவெளியில் துணையின்றித் தனித்து நிற்பதனால் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலனாகின்றது. பண்டைக் காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கும் அதுவே கரையைக் காட்டும் அடையாளமாக இருந்தது.

விடுமுறை நாள்களில் யான் பக்கத்திலுள்ள பத்து ஹம்பார், தித்தி ஹாயூன் முதலிய அருவிகளுக்கும், மெர்போக் பக்கத்திலுள்ள துப்பா அருவிக்கும் நம் மக்கள் குடும்பம் குடும்பமாகச் செல்கின்றனர். சோறு கட்டிக்கொண்டு போய், நீராடி, மாலையில் களைப்புடன் திரும்புகின்றனர். அதிற் குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும் அதே மலையின் தென் அடிவாரத்தில், அவ்வளவு கூட்டமும் கூச்சலும் இல்லாத சிறு குன்று ஒன்று இருக்கின்றது. புக்கிட் பத்து பகாட் என்பது அதன் பெயர். ‘பகாட்’ என்னும் மலாய்ச் சொல் உளியைக் குறிக்கும். ‘பத்து பகாட்’ எனின் உளியால் வெட்டப்பட்ட கல் என்பது பொருள். ஜொகூர் மாநிலத்தில் இதே பெயருடைய பெரிய பட்டணம் வேறு. நாம் இங்கே கூறுவது மெர்போக் வட்டாரத்துக் குன்று.

சுங்கைப் பட்டாணியிலிருந்து செல்வோர் பீடோங் சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பி, செமலிங்கைக் கடந்து மெர்போக்கை அடையலாம். குன்றின் அடியிலேயே 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சிசாலை அமைந்துள்ளது. அதன் அருகே சுங்கை மெர்போக் கெச்சில் என்னும் ஓடை பாறைகளுக்கிடையே இறங்கி வருகின்றது. ஓடையை ஒட்டிய சரிவில் மேலே ஏறினால் பழங்கோயில் ஒன்றின் கல் அடித்தளத்தைக் காணலாம். முதியோரும் அங்கங்கே நின்று நின்று ஏறிவிடக்கூடிய நடைதான். மலையேற்றம் என்று அதனைச் சொல்வதற்கில்லை.

இளமையில் யான் ஆசிரியப் பயிற்சி முடித்து, தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றிய காலத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். கோயிலைச் சுற்றி வந்தோம். கட்டியவர் யார், எந்த நூற்றாண்டு என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்லி முடித்தேன். பின்னர் பிள்ளைகள் ஓடையில் இறங்கி விளையாடினர். அவர்கள் ஏறிக் குதித்த பாறைகளே குன்றுக்குப் பெயர் தந்தவை என்பதை அன்று யான் உணரவில்லை. ஆசிரியனே பார்க்கத் தவறியதை மாணவர் எங்ஙனம் பார்ப்பர்? பல ஆண்டுகளுக்குப் பிறகு, தகவல் பணியில் சேர்ந்த பின், மீண்டும் அங்குச் சென்றபோதுதான் கல்லைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவ்வாறு கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகின்றேன்.

கல்லைப் பார்ப்பது எப்படி?

இவ்வோடையில் கிடப்பவை கருங்கற்கள். கருங்கல் இயற்கையிலேயே தேய்ந்து உருள்வது. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட, பாறையின் மேற்புறம் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகக் கழன்று போகும், மூலைகள் மழுங்கும், பாறை உருண்டை வடிவம் கொள்ளும். ஆகவே ஓடையிலோ தோட்டத்திலோ உருண்டு கிடக்கும் பாறையைக் கண்டு வியப்பதற்கு ஒன்றுமில்லை. வியப்புக்குரியது நேர்கோடு. இயற்கையிலும் பாறை பிளப்பதுண்டு; சில வேளைகளில் நேராகவும் பிளக்கும். ஆனால் ஒரே அளவுள்ள சிறு குழிகள் ஒரே இடைவெளியில் ஒரே வரிசையில் அமைந்திருக்குமாயின், அது நீரின் செயலன்று. கை செய்த வேலை. சதுரமாக வெட்டப்பட்ட குழி, செங்கோணமாகச் சந்திக்கும் இரு தட்டையான முகங்கள், அருகருகே ஒரே சாய்வில் ஓடும் கீறல்கள் ஆகியவையும் அத்தகையனவே.

கருங்கல்லைப் பிளக்கும் பழைய முறையைத் தமிழ்நாட்டுக் கல்தச்சர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளனர். பிளக்க வேண்டிய இடத்தில் கோடு கிழித்து, அக்கோட்டின்மீது வரிசையாகச் சிறு குழிகளை வெட்டுவர். குழிதோறும் ஆப்பு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சம்மட்டியால் தட்டிக்கொண்டே போவர். ஓர் ஆப்பை மட்டும் ஓங்கி அடித்தால் கல் உடைந்து பாழாகும். எல்லா ஆப்பையும் சமமாக இறுக்கினால் கல் கோட்டின் வழியே வாய் திறக்கும். உலர்ந்த மர ஆப்பை இறுக்கிவிட்டு நீரூற்றி, அது ஊறிப் பருப்பதனாலும் கல்லைப் பிளப்பதுண்டு. மாமல்லபுரம் சென்று வந்தோர், அங்குள்ள பாறைகளில் பிளவாகாமல் பாதியில் விடப்பட்ட ஆப்புக் குழிகளின் வரிசையைக் கண்டிருக்கக்கூடும்.

புக்கிட் பத்து பகாட்டின் ஓடையிலும் கரையிலும் கிடக்கும் பாறைகளிடையே இத்தகைய உளித் தடங்கள் உள்ளன. பல நூறு ஆண்டுகளாக நீர் ஓடியும் பாசி படிந்தும் மழுங்கிப்போனமையால் அவை முதற் பார்வையிற் புலப்படா. காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் குழியின் நிழல் மறைந்துவிடும். கண்ணால் காண இயலாதபோது கையால் தடவிப் பார்த்தாலும் தெரியும். வீட்டில் அம்மி வைத்திருப்போர்க்கு இது எளிது. அம்மி தேய்ந்து வழுக்கும்போது கொத்துவோரைக் கூப்பிட்டுக் கொத்தச் சொன்ன காலம் ஒன்றிருந்தது. கொத்திய அன்று கை வைத்தால் எப்படி இருக்கும், ஓராண்டு அரைத்த பின் எப்படி இருக்கும் என்பது நம் தாய்மார்க்குத் தெரியும். அவ்வேறுபாட்டை அறிந்த விரல், ஓடைக்கல்லையும் அறிந்துகொள்ளும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருங்கல்லை வெட்டும் உளி விரைவில் முனை மழுங்கிவிடும். கல் வெட்டும் இடத்தில் கொல்லன் ஒருவன் உலை மூட்டி, மழுங்கிய உளிகளைக் காய்ச்சி அடித்துத் தீட்டிக் கொடுத்தால்தான் வேலை நடைபெறும். கல்லைக் காட்டிலும் இரும்புதான் முதலில் வேண்டும். இக்குன்றிலிருந்து தொலைவில்லாத சுங்கை பத்துவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009ஆம் ஆண்டு முதல் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், காற்று ஊதும் சுடுமண் குழல்களும், இரும்புக் கசடும் பெருமளவில் வெளிப்பட்டன. அவற்றின் காலம் குறித்து அறிஞரிடையே இன்னும் வாதம் ஓயவில்லை. எனினும், இவ்வட்டாரத்தில் இரும்பு உருக்கும் தொழில் பெரிய அளவில் நடந்தது என்பதில் ஐயமில்லை.

மேலே உள்ள கோயில்

வெட்டிய கல் எங்கே போயிற்று என்பதற்கு விடை சரிவின் மேலே இருக்கின்றது. கருவறைப் பகுதியும், அதன் முன்னே மண்டபமும் உடைய கோயில் அது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை கருங்கல் அடித்தளமும் தாழ்ந்த சுவர்ப் பகுதிகளுமே. கற்கூரையோ கோபுரமோ கிடையா. ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டுத் திரும்பிவிடுவோர் பலர். அவ்வாறு கேட்போரிடம் யான் மண்டபத் தரையில் வரிசையாக அமைந்துள்ள தூண் பீடக் கற்களைக் காட்டுவது வழக்கம்.

ஒரு சமயம் தோட்டமொன்றிலிருந்து வந்த குழுவினரோடு அங்கே சென்றிருந்தேன். அவர்களுள் மூதாட்டி ஒருவர், பால்வெட்டிலேயே வாழ்நாளைக் கழித்தவர். நடுவில் குழியுள்ள பீடக் கல்லொன்றின் அருகே குனிந்து கையை வைத்துப் பார்த்தார். குழுவிலிருந்த இளைஞர் ஒருவர், “பாட்டி, அது உரல்” என்றார். மூதாட்டி தலையை ஆட்டினார். “உரலுக்கு இந்தப் பள்ளம் பற்றாது, தம்பி. இதில் நெல்லைப் போட்டுக் குத்தினால் எல்லாம் வெளியே தெறித்துவிடும். இது எதையோ நிறுத்தி வைத்த கல்” என்றார். பின்னர் என்னைப் பார்த்து, “அப்படித்தானே, வாத்தியாரய்யா?” என்று கேட்டார். அவர் கூறியதே சரி. அக்குழிகளில் மரத்தூண்கள் நிறுத்தப்பட்டன. தூண்களின்மேல் மரச் சட்டமும் ஓலை போன்ற எளிய பொருளால் வேய்ந்த கூரையும் இருந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர் கருத்து. மரமும் ஓலையும் மக்கி மண்ணாயின. கல் மட்டும் நின்றது. மழை மிகுந்த இந்நாட்டுக்குப் பொருந்துமாறு, கல்லும் மரமும் கலந்து கட்டப்பட்ட கோயில் அது. அக்குழிகளைப் பார்த்த பிறகு, எஞ்சிய அடித்தளத்தின்மேல் கூரை ஒன்றைக் கற்பனையில் ஏற்றிப் பார்ப்பது கடினமன்று.

இப்பள்ளத்தாக்கின் இடிபாடுகளைப் பற்றி 1840ஆம் ஆண்டுகளிலேயே ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி எழுதியுள்ளார். பின்னர் 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்பவர் தம் மனைவியாருடன் வந்து பல இடங்களைத் தோண்டி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். அவர் பட்டியலில் இக்கோயில் எட்டாம் இடமாகும். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலஸ்டேர் லேம்ப் 1959, 1960ஆம் ஆண்டுகளில் இதனை முழுமையாக ஆராய்ந்து, சரிந்து கிடந்த கற்களை எடுத்து அடுக்கி, இன்று நாம் காணும் வடிவில் நிறுத்தினார். அப்பணியின்போது கருவறைப் பகுதியின் அடித்தளத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த கற்பேழைகள் கிடைத்தன. அவற்றுள் பொன், வெள்ளி, மணிக்கற்கள் ஆகியவற்றின் துணுக்குகளும் மெல்லிய தகட்டில் வெட்டிய சிறு உருவங்களும் இருந்தன. வீடு கட்டும்போது நிலைவாசற்படியின் கீழே பொன்னும் நவமணியும் இட்டு மூடும் வழக்கத்தை அறிந்த நமக்கு அதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்கோயிலைச் சோழர் கட்டினர் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது படை செலுத்தியதும், ‘கடாரம் கொண்டான்’ என்னும் பட்டம் பெற்றதும் கல்வெட்டுகளால் அறியப்படும் வரலாறு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அவன் தந்தை இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்ப இடம் பெற்றதும் வரலாறே. பகையும் இருந்தது, நட்பும் இருந்தது, அவ்விரண்டினும் மேலாக வாணிகம் இருந்தது. ஆயின், இக்குன்றின் கோயிலைச் சோழர் எழுப்பினர் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. இதன் காலத்தை வேல்ஸ் முற்பட்டதாகவும் லேம்ப் பிற்பட்டதாகவும் கணித்தனர். இந்தியாவிலிருந்து வந்த வழிபாட்டு முறையும், இம்மண்ணின் மக்களுடைய கட்டட வழக்கமும் ஒன்று கலந்து உருவானது என்று கொள்வதே இப்போதைக்குப் பொருத்தம். உரிமை கொண்டாடுவதற்கு முன் உளித் தடத்தைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

தோட்டத்திற்குள் கிடக்கும் கற்கள்

பூஜாங் பள்ளத்தாக்கில் கண்டறியப்பட்ட இடங்கள் எல்லாம் இக்குன்றைப்போல வேலியும் காவலும் உள்ளவை அல்ல. பெங்காலான் பூஜாங் முதலிய இடங்களிலிருந்த சில கோயில்களின் எச்சங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, இக்காட்சிசாலை வளாகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டுள்ளன. வேறு பல, தோட்டங்களுக்குள்ளும் கம்பங்களின் ஓரத்திலும் மண்ணுக்கடியிலுமே இருக்கின்றன. சுங்கை பத்து என்பதே தோட்டத்தின் பெயர்தான். மகிடனை அழித்த துர்க்கையின் கற்சிற்பம் அத்தோட்ட நிலத்திலிருந்து கிடைத்ததாகும். யான் வட்டாரத்துப் புக்கிட் சோராஸ் குன்றில் வேல்ஸ் 1937ஆம் ஆண்டில் சிறிதளவே தோண்டிச் சென்றார். அதன்பின் நெடுங்காலம் அங்கே பெரிய அளவில் ஆய்வு நிகழவில்லை. 2023ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டத் தொடங்கியபோது, செம்புரைக்கல்லால் ஆன கட்டடமும், தியானத்தில் அமர்ந்த சுதைச் சிலைகளும் வெளிப்பட்டன. எண்பத்தாறு ஆண்டுகள் அவை ஒரு குன்றின் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தன.

எல்லாவற்றுக்கும் அத்தகைய நற்பேறு வாய்ப்பதில்லை. சுங்கை பத்து வட்டாரத்தில் வேல்ஸ் பதினொன்றாம் எண் கொடுத்த கோயிலின் எச்சம், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது, வீட்டு மனைகளுக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இயந்திரங்களால் அழிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு இறுதியில் அச்செய்தி வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. அந்நிலம் தனியார் உடைமை. பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கப்படாதது. புத்தகத்தில் எண் இருந்தது. நிலத்தில் அடையாளம் இல்லை. இயந்திரம் ஓட்டுபவருக்கு அது கல்லும் செங்கல்லும் கலந்த மேடு, அவ்வளவே.

தோட்டத்தில் ஒவ்வொரு மேட்டையும் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர், அங்கே நாள்தோறும் நடப்பவர்தாம். ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை வருவார். பால்வெட்டுத் தொழிலாளி ஒரே நிரையை ஆண்டு முழுவதும் சுற்றி வருகின்றார். மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்து வேரைப் பெயர்க்கும்போதும், கால்வாய் வெட்டும்போதும், மேட்டைச் சீவிப் படி அமைக்கும்போதும் மண்ணுக்குள் இருப்பது மேலே வரும். அகன்ற பழைய செங்கல், குழியுள்ள பீடக்கல், நேராக வெட்டிய கருங்கல், துளைகள் நிறைந்த செம்புரைக்கல் கட்டி, சுடுமண் குழல், கனமான கசடு இவற்றுள் எதைக் கண்டாலும் கவனித்தல் வேண்டும்.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இதனைத் தெளிவாகவே கூறுகின்றது. மரபுப் பொருள் என்று நம்பத்தக்க ஒன்றைக் கண்டெடுப்பவர் எவராயினும், உடனடியாக மரபுடைமை ஆணையருக்கோ அம்மாவட்டத்தின் மாவட்ட அதிகாரிக்கோ தெரிவித்தல் வேண்டும். மெர்போக், செமலிங், பீடோங் வட்டாரத்தார்க்குக் கோலா மூடா மாவட்ட அலுவலகம். யான் வட்டாரத்தார்க்கு யான் மாவட்ட அலுவலகம். கிராணியாரிடமோ தண்டலிடமோ சொல்லிவிட்டால் போதும் என்று இருந்துவிடலாகாது. அவர்களிடம் சொல்லுவது முறைதான். அலுவலகத்துக்கும் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தல் வேண்டும்.

கண்ட பொருளை இடம் பெயர்க்காதீர்கள். இதனைச் சற்று அழுத்தியே கூறுகின்றேன். நல்லெண்ணத்தோடு செய்யும் செயலே சில வேளைகளில் சான்றை அழித்துவிடுகின்றது. அழகிய கல்லொன்று கிடைத்தால் அதனைத் தூக்கிவந்து கோயில் மரத்தடியில் வைத்து, மஞ்சள் பூசிப் பொட்டிட்டு வழிபடும் இயல்பு நம்மிடம் உண்டு. பக்தியைக் குறை கூறுவதன்று என் நோக்கம். ஆனால் கல் எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில், எத்திசை நோக்கிக் கிடந்தது என்பதே அதன் வரலாற்றில் பெரும்பாதி. தூக்கியவுடன் அப்பாதி போய்விடுகின்றது. கைப்பேசியில் படம் எடுப்பதாயின், கல்லின் அருகே பால் மங்கு ஒன்றையோ கத்தியையோ வைத்து எடுங்கள். அதன் அளவு பார்ப்போர்க்கு விளங்கும். நிரையின் எண்ணையும் அருகிலுள்ள சாலையையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளை ஒன்றை நட்டு அடையாளம் செய்தால் மறுநாள் இடம் தப்பாது.

குன்றுக்குச் செல்ல எண்ணுவோர் இலையுதிர் காலத்தைத் தேர்ந்துகொள்வது நலம். பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறைவதனால் ஓய்வும் கிடைக்கும். வடமாநிலங்களில் வறட்சியும் அப்போதுதான். ஓடையில் நீர் வற்றிப் பாறைகளின் கீழ்ப்பகுதியும் வெளியே தெரியும். மழைக்காலத்தில் வெள்ளம் திடீரென இறங்கி வருவதுண்டாதலால் பிள்ளைகளை ஓடையில் விட்டுவிட்டு மேலே ஏறுதல் கூடாது. பாசி படிந்த பாறை வழுக்கும்; செருப்பைக் காட்டிலும் நிரையில் அணியும் ரப்பர்க் காலணியே நல்லது. முதலில் காட்சிசாலையைப் பார்த்து, பிறகு கோயிலுக்கு ஏறி, இறுதியாக ஓடைக்கு இறங்குங்கள். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வெயில் மரங்களினூடே சாய்ந்து பாறைமீது விழும்போது, காலையில் வெறும் பள்ளமாகத் தோன்றியவை வரிசையாக எழுந்து நிற்கும். பிள்ளைகளைக் கொண்டு எண்ணச் சொல்லுங்கள்.